மருதாணிச் செடியில் ஒரு பச்சோந்தி

என் மாமனாரை ஊரில் பச்சோந்தி என்று சொல்கிறார்கள் என்பது கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திருச்சுழியிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, நான் ஊருக்குப் புதுசு என்று பார்த்து, "யார் வீட்டுக்கு வந்திருக்க?" என்று கேட்டார். கண்மாய்க்கரைத் தெருவில் கடைசி வீடு, வேப்பமரத்து வீடு என்றேன். "அட, பச்சோந்தி வீட்டு மருமகளா?" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அதன்பிறகு ஊர் வரும்வரை என் முகத்தையே பார்க்கவில்லை.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். அந்த வாரம் அவர் வந்ததும் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு சொன்னார்.

மாமாவுக்கு ஒரு தம்பி உண்டு. எனக்குச் சின்ன மாமா. அண்ணன் தம்பி நிலம் பக்கத்துப் பக்கத்தில். தம்பி நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப்பாதை போகும். அதற்குப் பின்னால் மானாவாரிக் காடு வைத்திருக்கிற ஒரு அம்மாவுக்கு அந்தப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது. அவர் புருஷன் இல்லாதவர். தூரத்துச் சொந்தமும்கூட. சின்ன மாமா பாதையை அடைத்துக் கம்பி வேலி போட்டுவிட்டார். ஊர் கூடிப் பேசியது. "நான் இருக்கேன்டா" என்று மாமா தம்பிக்கு முதலிலேயே வார்த்தை கொடுத்திருந்தார். ஆனால் கூட்டத்தில் பெரியவர்கள், "உங்கப்பா காலத்துல அது வழியா வண்டி போனுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்று கேட்டபோது, மாமா ரொம்ப நேரம் தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். பிறகு, "போனுச்சு. நானே ஓட்டிட்டுப் போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

வேலியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அத்தனை பேர் முன்னால் சின்ன மாமா எழுந்து, "நீயெல்லாம் ஒரு மனுசனா? வீட்டுல ஒரு நெறம், வெளிய ஒரு நெறம். பச்சோந்தி!" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாதை கிடைத்த அம்மாவே பிறகு பேச்சுவாக்கில் அப்படிச் சொன்னதாகக் கேள்வி. ஊர் அப்படித்தான். வேண்டுமென்று செய்வதில்லை, வாயில் வந்துவிடுகிறது.

நான் கல்யாணமாகி வந்தபோது அது நடந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாமா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். ஷிப்ட் முடிந்தால் நேராக வீடு. டீக்கடைக்குப் போக மாட்டார். கோயில் பொங்கலுக்குக்கூட வரி கொடுத்து அனுப்புவாரே தவிர, போய் நிற்க மாட்டார். யாரிடமும் கோபமில்லை. என்னிடம், "சாப்ட்டியாத்தா?" "பஸ்ஸு கெடச்சுச்சா?" இந்த இரண்டு கேள்விக்கு மேல் பேசியதில்லை. நான் காரியாபட்டிக்காரி. எங்கள் வீட்டில் எல்லாரும் சத்தமாகப் பேசுவோம். இந்த வீட்டின் அமைதியில் ஆரம்பத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

பச்சோந்தி வந்தது ஒரு புரட்டாசி மாதம். நான் அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அன்று லீவு. அத்தை அடுப்படியில் இருந்தார். மாமா துண்டைச் சும்மாடு மாதிரி சுருட்டி, அதில் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"என்னங்க அது?" என்று கேட்டபடி வந்த அத்தை, துண்டை விரித்ததும் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

உள்ளங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. ஓணான் மாதிரி இல்லை. பக்கவாட்டில் தட்டையாக, யாரோ இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தியது மாதிரி. தலையில் ஒரு கொண்டை. சுருண்ட வால். உடம்பெல்லாம் கரி பூசியது போலக் கருப்பு. வாயை அகலத் திறந்து புஸ்ஸென்று சீறியது. பின்னங்கால் ஒன்று நசுங்கி, விரல் இருந்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வெசம்ங்க அது! மூச்சு பட்டாலே மேலெல்லாம் நீலம் பாரிச்சுரும். வெளிய கொண்டுபோயி போடுங்க!"

"வெசமெல்லாம் இல்ல."

"உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஊரே உங்களை அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுது. போறாததுக்கு இதைத் தூக்கி வீட்டுக்கு வாரீக. நாளைக்கு எவனாச்சும் பாத்தா என்ன பேசுவான்?" சொல்லும்போதே அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை நான் அத்தை அழுது பார்த்ததில்லை. அந்தப் பெயர் மாமாவைவிட அத்தையைத்தான் அதிகமாகக் குத்திக்கொண்டிருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மாமா துண்டை மறுபடி மூடினார். என்னைப் பார்த்து, "கால் நசுங்கிக் கெடந்துச்சுத்தா. எறிஞ்சு கொல்லப் போனாங்கெ" என்றார்.

முழுக்கதை அடுத்த நாள் வேறு ஒருத்தர் வாயால் தெரிந்தது. சின்ன மாமா தன் காட்டில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு அழித்துக்கொண்டிருந்தார். பாதையில் போய்க்கொண்டிருந்த மாமா, நாலு ஆட்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளையைச் சுற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறார். தம்பி காட்டில் அவர் காலடி பட்டு வருஷக்கணக்காயிற்று. விறுவிறுவென்று உள்ளே நடந்து போய், முள்ளுக்குள் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சின்ன மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வாசலுக்குப் பக்கவாட்டில் ஒரு மருதாணிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. மாமா அதில் பச்சோந்தியை விட்டு, பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டினார். பூனைக்கும் காக்காய்க்கும் பயந்துதான். கால் ஆறும்வரை இருக்கட்டும், பிறகு விட்டுவிடலாம் என்றார். காலுக்கு மஞ்சள் குழைத்துப் போட்டார். அது அவரைக் கடிக்க வந்தது. "கடி, கடி. உனக்கு வலி, நீ கடிக்கத்தான் செய்வ" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் சரி, பிறகு கேட்டதும் சரி, பச்சோந்தி எதன்மேல் உட்காருகிறதோ அந்த நிறத்துக்கு மாறும் என்றுதான். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சம் பழகியதும் என்னுடைய ரோஸ் நிறத் துண்டைச் செடியின் மேல் விரித்து, அதை மெதுவாக நகர்த்தி விட்டேன். கொஞ்ச நேரம் துண்டின்மேல் ஆடி ஆடி நின்றது. முன்னால் ஒரு அடி வைப்பதற்குள் நாலு முறை யோசிப்பது போல உடம்பை ஆட்டும். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் பின்பக்கம் கோழியைப் பார்த்தது. நிறம் மட்டும் மாறவில்லை. பச்சைக்குப் பச்சையாகவே இருந்தது. மாமாவின் காக்கிச் சட்டையை வைத்துப் பார்த்தேன். அதற்கும் அப்படியே.

ஆனால் அத்தை விளக்குமாறோடு அந்தப் பக்கம் வந்தார் என்றால் போதும். பக்கவாட்டில் கருப்புப் புள்ளிகள் கிளம்பும். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேரும். உடம்பு உப்பும்.

"என்னையக் கண்டா மட்டும் ஏன் இப்படிக் கருக்குது?" என்று அத்தை கேட்டார்.

"நீ வெளக்கமாத்த எடுத்துட்டு வந்தா நானே கருத்துருவேன்" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை முறைத்துக்கொண்டே உள்ளே போனார். அடுத்த நாளிலிருந்து விளக்குமாற்றைச் சுவர் ஓரமாகச் சாத்திவிட்டுத்தான் அந்தப் பக்கம் நடந்தார்.

காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பார்ப்பேன். வெயில் விழுகிற பக்கம் மட்டும் அடர்ந்து கருத்திருக்கும். மறுபக்கம் போய்ப் பார்த்தால் வெளிர்ந்த பச்சை. ஒரே உடம்பில் பாதிக்குப் பாதி. குளிர் விடுவதற்காக வெயிலை இழுக்கிறது என்று பிறகு தெரிந்தது. உச்சி வெயிலில் வெளுத்து மஞ்சளோடிய பச்சையாகிவிடும். பொழுது சாய்ந்து கண் மூடியதும் இன்னும் வெளிறிவிடும், வெயில் படாமல் முளைத்த பயிர் மாதிரி. வேலையிலிருந்து வந்ததும் அதை ஒரு தடவை பார்க்காமல் எனக்கு உள்ளே போகத் தோன்றாது. மாமாவும் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னிக்கு அஞ்சு வெட்டுக்கிளி தின்னுச்சு. நாக்கு எம்புட்டு நீளங்கிற!" கையை விரித்துக் காட்டுவார். கம்பங்காட்டு ஓரம் துண்டை வீசி வெட்டுக்கிளி பிடிப்பது அவருக்குத் தினசரி வேலையாகிவிட்டது. "பெத்த புள்ளைக்குக்கூட இப்படி ஓடுனதில்ல" என்று அத்தை சொன்னார். ஆனாலும் இலைமேல் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அது கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலையில் உருளுகிற சொட்டைத்தான் குடிக்கும் என்று கண்டுபிடித்ததும் அத்தைதான். இப்போது அவரைப் பார்த்து அது கருப்பதில்லை.

ஊரில் பேசத்தான் செய்தார்கள். "பச்சோந்தி வீட்டுல பச்சோந்தி வளக்குறாக" என்று தெருவில் சிரிப்பு. மாமா காதில் விழாமல் இருக்காது. அவர் துண்டை உதறிக்கொண்டு வெட்டுக்கிளி பிடிக்கப் போய்விடுவார்.

ஐப்பசி பிறந்து மழை தூறத் தொடங்கிய சமயம், அது சாப்பிடுவதை நிறுத்தியது. வெட்டுக்கிளியைக் கண்ணெதிரே விட்டாலும் பார்க்காது. நிறம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பயந்தபோது வரும் கருப்பு அல்ல. அடர்ந்த கரும்பச்சை, அதன்மேல் அங்கங்கே மஞ்சள் திட்டு. காலையும் அதே நிறம், மாலையும் அதே நிறம். வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. செடியில் நிற்காமல் கீழே இறங்கி, வலையின் ஓரத்தில் நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கால் சீழ் பிடித்து விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்று மாமா முடிவு கட்டிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா, மாமா?" என்றேன்.

"இதுக்கெல்லாம் பாப்பாகளாத்தா?"

"கேட்டுப் பாப்போம்."

மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றில் மருதாணிக் கிளை இரண்டை வெட்டிப் போட்டு, அதை உள்ளே விட்டு, வேட்டித் துணியால் மூடினோம். பஸ்ஸில் கூட்டம். மாமா கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர், "கோழியா பெருசு?" என்று கேட்டார். மாமாவுக்குப் பொய் வராது. "பச்சோந்தி" என்றார். முன்னாலிருந்த இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். "எந்தப் பச்சோந்தியச் சொல்றாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமா கூடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பஸ்ஸில் சின்ன மாமாவின் மனைவியும் இருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குச் சின்னத்தை முறை. கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நாங்கள் பேசியதே கிடையாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சீட்டுப் பக்கம் வந்து, கூடையைப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்க காட்டுல எடுத்ததா?"

நான் தலையாட்டினேன்.

"என்ன செய்யுது?"

"சாப்பிட மாட்டேங்குது, சின்னத்தை. நெறமே மாறிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

அவர் மாமாவிடம் நேராகப் பேசவில்லை. என்னிடம்தான் சொன்னார்: "ஜேசிபிக்காரன்கிட்ட முள்ளை ஒதுக்கிப் பாத்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். எங்க சொல்றது, யாரு கேக்குறா." பிறகு, "நல்லாகுச்சுன்னா சொல்லு" என்றார். அருப்புக்கோட்டை வரும்வரை எங்கள் பக்கத்திலேயே நின்றார். அதன்பிறகு பின்னாலிருந்து யாரும் பேசவில்லை.

டாக்டர் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். எங்களுக்கு முன்னால் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் இருந்தன. முறை வந்து துணியை விலக்கியதும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. கையில் எடுத்து, வயிற்றை விரலால் மெல்லத் தடவினார். பச்சோந்தி கருத்தது, சீறியது.

"இது சீக்கு இல்லம்மா. முட்டை இருக்கு. நிறைய இருக்கு. மண்ணுல குழி தோண்ட இடம் தேடுது. அதான் கீழே இறங்கிச் சுத்துது."

மாமா அப்படியே நின்றுவிட்டார். "முட்டையா?"

"ஆமா. வயித்துல முட்டை இருந்தா இந்த நிறத்துக்கு வரும். ஆண் பச்சோந்தி கிட்ட வராதேன்னு சொல்ற மாதிரி."

காலைப் பார்த்தார். ஆறிவிட்டது, விரல் போனது போனதுதான், இனி மஞ்சள் போட வேண்டாம் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றி, "இதை வீட்டுல வளக்கக் கூடாது, தெரியுமா? காட்டு உயிர். சட்டப்படி தப்பு" என்றார். காப்பாற்றத்தான் எடுத்து வந்தோம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். "அது தெரியுது. வனத்துறைக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். அவுக சொல்றபடி செய்யுங்க."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நிறம் எப்படி சார் மாறுகிறது என்றேன். வெளியே ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர் பொறுமையாகச் சொன்னார்.

"தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பளிங்குத் துகளுங்க அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். அமைதியா இருக்கும்போது நெருக்கமா நிக்கும். வெளிச்சம் பட்டா அதுல நீலம் மட்டும் திரும்பி வரும். தோல்ல மஞ்சள் சாயமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து பச்சையாத் தெரியுது. கோவம் வந்தா, பரபரப்பானா, அந்தத் துகளுங்க விலகும். மஞ்சள் அதிகமாத் தெரியும். அடியில கருப்புச் சாயம் ஒண்ணு இருக்கு. குளிர்ந்தாலோ பயந்தாலோ அது மேல பரவிக் கருத்துப்போகும்."

தினமும் மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களைப் பார்க்கிறவள் நான். அந்தத் துகள்கள் நெருங்குவதையும் விலகுவதையும் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. மாமா யோசித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட்டார்:

"அப்ப இது யாரையும் ஏமாத்துறதுக்கு மாத்தலையா, சார்?"

"செடியில பச்சையா இருக்கறதால மத்ததுக்குத் தெரியாம இருக்கும், அது உண்மைதான். ஆனா உட்கார்ற இடத்தைப் பாத்து மாத்துதுன்னு சொல்றது சும்மா. உள்ள என்ன இருக்கோ அதுதான் வெளிய தெரியுது. பயந்தா பயந்த மாதிரி. சூல்னா சூல் மாதிரி. மறைக்க வராது அதுக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பந்தல்குடி விலக்கு தாண்டும்போதோ என்னவோ, வெளியே பார்த்தபடியே, "தம்பிக்கு நான் வார்த்தை குடுத்தது நெசந்தான்த்தா. ஆனா அவுக கேட்டப்ப வாய்ல வேற வரல" என்றார். அந்தச் சண்டையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். "தெரியும் மாமா" என்றேன்.

மறுநாள் வனத்துறையிலிருந்து ஒரு பெண் பைக்கில் வந்தார். போட்டோ எடுத்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்தார். இப்போது இடம் மாற்றினால் முட்டை வயிற்றிலேயே தங்கிச் செத்துப்போகும், இங்கேயே இட்டு முடிக்கட்டும், தெம்பு வந்ததும் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள், இனி இப்படி ஏதாவது கிடைத்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். போகும்போது மாமாவைப் பார்த்து, "அடிக்காம எடுத்துட்டு வந்தீங்களே, அதுவே பெருசு" என்றார். அத்தைக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தது. ஒருத்தர் வாயால் தன் புருஷனைப் புகழ்ந்து அவர் கேட்டு வெகுநாளாகியிருக்கும்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். கொசுவலையை அவிழ்த்ததும் அது நேராக அங்கேதான் போனது. காலையில் தோண்ட ஆரம்பித்தது. முன்னங்காலால் மண்ணை வாரிப் பின்னால் தள்ளும். மூச்சு வாங்க நிற்கும். மறுபடியும் வாரும். நசுங்கிய கால் மண்ணைத் தள்ளாது, சும்மா உதறும். கொஞ்ச நேரத்தில் தலை உள்ளே போய், உடம்பு உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரிந்தது. மாமா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காக்காய் வராமல் நின்றார். தூறல் விழுந்தது, அவர் நனைந்தார். குடை பச்சோந்திக்கு. அத்தை அன்று துணி துவைக்கவில்லை. கோழிகளைக் கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிட்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். "ஆச்சா? ஆச்சா?" என்று சன்னமாகக் கேட்பார். சத்தம் போட்டால் அது பயந்துவிடுமாம்.

சாயங்காலம் அது வெளியே வந்தது. வெளியே வந்த கையோடு போய்விடவில்லை. குழியை மூடி, காலால் மண்ணை அமுக்கி, திரும்பத் திரும்ப அமுக்கிவிட்டுத்தான் நகர்ந்தது. உடம்பெல்லாம் சேறு. விலா உள்ளே ஒட்டிப்போய், தோல் தொங்கியது. மஞ்சள் திட்டெல்லாம் மங்கி, சாம்பல் பூத்த ஒரு நிறம். ஒரு கிளையைப் பிடிக்கக்கூட வலுவில்லாமல் மருதாணி அடியில் படுத்துவிட்டது.

அத்தைதான் ஓடினார். கையில் சொம்பு. அத்தனை நாளும் தொடாதவர், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கிக் கிளையில் வைத்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் வாய்க்கு மேலே சொட்டவிட்டார். "குடி தாயி. பெத்து முடிச்சிட்டேல்ல. குடி." அது வாயைத் திறந்து திறந்து குடித்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். என் கணவருக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன ஒரு பிள்ளை இருந்தது என்று அவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

ஒரு வாரம் போல வெட்டுக்கிளியும் தண்ணீருமாகத் தேற்றினோம். பச்சை திரும்பி வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கூடையில் வைத்து நானும் மாமாவும் சின்ன மாமா காட்டுக்குக் கொண்டுபோனோம். காடு மொட்டையாகக் கிடந்தது. வண்டிப்பாதையை ஒட்டி மட்டும் ஒரு வரிசை உடைமரமும் சூராமுள்ளும் மிச்சம் இருந்தன. சின்ன மாமா அங்கேதான் நின்றார். எங்களைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டார். என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

மாமாதான் முதலில் பேசினார். "எடுத்த எடத்துலயே விடணும்னு சொன்னாக."

"இது முட்டை இட்டுருச்சுன்னு மதினி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சாம். எங்க வீட்ல சொன்னா" என்றார் சின்ன மாமா. பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பச்சோந்திக்கு உடனே புள்ளிகள் கிளம்பின. உப்பியது.

"என்னையப் பாத்துக் கருக்குது."

"பயந்திருக்கு. பயந்தா கருக்கும். வேற ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

மாமா கூடையை உடைமரத்தில் சாய்த்து வைத்தார். அது ஆடி ஆடி வெளியே வந்து, ஒரு கிளையைப் பற்றி, இரண்டு கிளை மேலே ஏறியது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பு வடிந்து பச்சையானது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். இலைக்கு நடுவில் போனதும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"இந்த வரிசையையும் நாளைக்கு அழிக்கச் சொல்லியிருந்தேன்" என்றார் சின்ன மாமா. "கெடக்கட்டும். விட்ரச் சொல்றேன்."

"கெடக்கட்டும்" என்றார் மாமா.

அவ்வளவுதான் பேசினார்கள். கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பாதையைப் பற்றியோ, அந்தப் பெயரைப் பற்றியோ இன்றுவரை இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை. ஊரில் அந்தப் பெயரும் போய்விடவில்லை. ஆனால் மாமா டீக்கடைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் அங்கே எவனோ, "வாங்க பச்சோந்தி" என்றானாம். மாமா உட்கார்ந்து, பளிங்குத் துகள், மஞ்சள் சாயம், கருப்புச் சாயம் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அவனுக்கு விளக்கியிருக்கிறார். அவன் டீயை ஆறவிட்டுக் கேட்டானாம். "பாதிய மறந்துட்டேன்த்தா. அந்த நீலம் எப்படி வருதுன்னு மறுபடி சொல்லு" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

துவைக்கிற கல்லை அத்தை வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். குழி இருந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் நட்டு, மேலே முள் வைத்தோம். தை போனது, மாசி போனது. வெயில் ஏறியது. முட்டையெல்லாம் வெந்திருக்கும் என்று என் கணவர் சொன்னார். அத்தை அதைக் காதில் வாங்காமல் வெயில் நாட்களில் அந்த மண்ணில் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பார்.

ஆனி மாதம் ஒரு மழை பெய்து விட்ட காலையில், முள்ளுக்கு நடுவில் மண் பொத்துக்கொண்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒன்று வெளியே வந்து நின்றது. நிறமே இல்லாதது போல இருந்தது. வெளிறிய மண் நிறம். கண் மட்டும் உருண்டது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு இன்னொன்று. அத்தை போட்ட சத்தத்தில் மாமா வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். எனக்கு வேலைக்கு லேட். நான் போகவில்லை, போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

சின்னத்தைக்கு நான்தான் போன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் சின்ன மாமா பைக்கில் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார். "ஏலே, வா. செருப்பக் கழத்திட்டு வா, மிதிச்சுறாத" என்றார் மாமா. அண்ணனும் தம்பியும் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மருதாணிக் கிளையில் ஏற்றிக் கூடைக்குள் விட்டார்கள்.

"இம்புட்டையும் ஒரே மரத்துல விட்டா காக்கா ஒரே நாள்ல தின்னுரும்ண்ணே. வரிசை பூரா பிரிச்சு விடணும்."

"எல்லாம் பொழைக்காதுடா."

"பொழைக்கிறது பொழைக்கட்டும்."

இரண்டு பேரும் பைக்கில் கிளம்பிப் போனார்கள். மாமா பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் பிடித்திருந்தார். சின்னத்தை எங்களோடு இருந்துவிட்டார். அவர்கள் திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. அத்தை ஐந்து பேருக்குச் சோறு வடித்திருந்தார்.